விடிவெள்ளி பேண்டுக்குத் தாம்பூலம் கொண்டுபோனது

வெற்றிலையை வாடாமல் தூர ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் வாழைப்பட்டையில் வைத்துக் கட்டி, மேலே ஈரத்துணி சுற்றி, மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். துணி காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்து என்ன? யுத்த காலத்தில், அரூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து மாரண்டஅள்ளிக்கு அந்தாண்டை வரைக்கும், அதுவும் கரிப் பஸ்ஸில், ஒரு கவுளி வெற்றிலையோடு போனபோது நான் பட்ட பாடு வெற்றிலைக்கும் தெரியும், என் பெண்சாதி ஆரோக்கியத்துக்கும் தெரியும்.

எதற்காகப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவில் தேருக்கு முன்னால் எப்போதும் மேளம்தான் போகும். தேர் என்று பெருமைக்குச் சொல்கிறோம். தோளில் தூக்குகிற சப்பரம்தான். அந்த வருஷம் மேளத்தோடு பேண்டும் வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்தது. அதற்குக் காரணம் முனுசாமியின் காபி கிளப்.

முனுசாமி கிளப்பில் ஒரு கிராமபோன் பெட்டியும் சில பிளேட்டுகளும் இருந்தன. யுத்தத்தில் ஊசி கிடைக்காமல் போனதால் வேலமுள்ளைச் சீவிச் செருகி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பிளேட்டுகளில் ஒன்றுதான் பெங்களூர் கண்டோன்மெண்டு விடிவெள்ளி பேண்டு செட் வாசித்த இங்கிலீஷ் நோட்டு. சொல் கிடையாது, பாட்டு கிடையாது, வெறும் வாத்தியம். முள்ளை வைத்தால் முதலில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற சத்தம். அப்புறம் கிளாரினெட் எழும்பும். கனமாக, நிதானமாக, யானை ஒன்று தெருவில் நடந்து வருகிற மாதிரி வரும். அதைக் கேட்டால் காபி குடிப்பவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். ஊர் நாட்டாமை ஒரு நாள் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த நடைக்குத்தான் மாதா தேரு போவணும்" என்றார். அதோடு முடிவாகிவிட்டது.

விடிவெள்ளி பேண்டு சோமனஅள்ளிக் கோயில் திருவிழாவுக்கு வருகிறது என்று எங்கள் சாமியார் பூசையில் சொன்னார். யாராவது போய்க் கேட்டுப் பார்த்துத் தாம்பூலம் வைத்து வர வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெரிய மனிதர்களோடு பேசிப் பழக்கமில்லை. ஆனால் அந்தப் பிளேட்டை என்னைவிட அதிகமாகக் கேட்டவர் ஊரில் யாரும் இல்லை. கழனியிலிருந்து வந்தால் காபிக்குப் போகிற சாக்கில் அதைக் கேட்காமல் வீட்டுக்குப் போகமாட்டேன். ஆகவே என்னைப் பிடித்தார்கள்.

நாட்டாமை கவுளியைக் கையில் கொடுத்துச் சொன்னார்: "சின்னப்பா, பிளேட்டுல பேரு வந்துட்டா அதே பேர வெச்சிக்குனு நாலு செட்டு கெளம்பிடும். நீ காதால கேளு. அதே செட்டுதான்னு மனசுக்குப் பட்டாத்தான் தாம்பூலம் வெக்கணும். மாத்தி வெச்சுட்டு வந்தீன்னா ஊரு சும்மா வுடாது."

"வேற செட்டா இருந்தா தாம்பூலத்த என்னாங்க பண்றது?"

"என்னா பேச்சு பேசற? ஊர்த் தாம்பூலம் வூடு திரும்புனா அந்த வருசம் திருநா வெளங்குமா?"

வைத்தால் சரியான ஆளுக்கு வைக்க வேண்டும். வைக்காமல் திரும்பவும் கூடாது. அன்றிலிருந்து எனக்குக் களி இறங்கவில்லை. இதைப் பார்த்துத்தான் ஆரோக்கியம் தானும் வருகிறேன் என்று கிளம்பினாள். "உங்கள தனியா வுட்டா மொரப்பூரு தாண்டறதுக்குள்ள பயத்துல திரும்பி வந்து நிப்பீங்க" என்றாள். அவளுக்கு அம்மா வழி பாலக்கோட்டுப் பக்கம். கன்னடமும் தெரியும். துணைக்கு அவளைவிட நல்ல ஆள் கிடைக்காது.

கரிப் பஸ்ஸைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய இரும்பு உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டுவார்கள். புறப்படுவதற்கு முன்னால் கிளீனர் ஒரு கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். கொல்லன் துருத்தி கெட்டது போங்கள். அரூரில் எங்களுக்குக் கிடைத்தது கடைசி வரிசை. உருளை என் முதுகுக்கு நேர் பின்னால். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முதுகு வெந்தது. மடியில் இருக்கிற வெற்றிலையும் வேகுமே என்று எனக்கு ஒரே திகில்.

முன்னால் உட்கார்ந்திருந்தவரைக் கெஞ்சி இடம் மாற்றிக் கேட்டேன். "ஏனுங்க, கொஞ்சம் பின்னால உக்காந்துக்கறீங்களா, மடியில வெத்தல இருக்குதுங்க" என்றேன். "என் மடியில வெண்ணெ இருக்குது. யாருக்கு மாத்தலாம் சொல்லு" என்றார். திரும்பி உட்கார்ந்து துணியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன்.

மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். முன்பெல்லாம் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது. மாட்டு வண்டியோடு பந்தயம் கட்டித் தோற்கும் என்று கேலி பேசுவார்கள். ஆனாலும் ஒரு நாளும் யாரும் அதை இறங்கித் தள்ளியதாக நான் கேட்டதில்லை. யுத்தம் வந்து அதையும் நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் கவுளியை ஆரோக்கியத்திடம் கொடுத்துவிட்டுத் தள்ளினேன். பொம்பிளைகளும் கிழவர்களும் பஸ்ஸுக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டே நடந்தார்கள். வெண்ணெய்க்காரர் மட்டும் இறங்கவில்லை. அவரையும் சேர்த்துத்தான் தள்ளினோம்.

தர்மபுரியில் ஆரோக்கியத்தின் சித்தி வீட்டில் தங்கினோம். அரிசித் தட்டுப்பாடு. ரேஷனில் போட்ட கோதுமையை உடைத்துச் சோறாக்கிப் போட்டாள். கோதுமையைச் சோறாகத் தின்பது அதுவே முதல் தடவை. வாயில் போட்டால் அது ஒரு பக்கம் போகிறது, குழம்பு ஒரு பக்கம் போகிறது. எங்கள் ஊரில் சாமைச் சோறு தின்கிறோமே என்று இத்தனை நாள் குறைப்பட்டதற்கு அன்றைக்குத்தான் வெட்கப்பட்டேன். நல்ல வேளை, சித்தி வீட்டு மண் தொட்டியடியில் வைத்திருந்த வெற்றிலை காலையில் கொஞ்சம் தெளிந்திருந்தது.

மறுநாள் பாலக்கோடு தாண்டியதும் பேச்சு மாறிவிட்டது. பஸ்ஸில் பாதிப் பேர் கன்னடம். எங்களுக்குப் பக்கத்து வரிசையில் இரண்டு பெண்கள் என் மடியையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கன்னடத்தில் பேசியதை ஆரோக்கியம் பிறகு எனக்குச் சொன்னாள்.

"பாவம், கைக்குழந்தைக்குக் காய்ச்சல் போல. ஈரத்துணி போட்டிருக்கிறார்கள்" என்றாளாம் ஒருத்தி.

"முகத்தையும் சேர்த்து மூடியிருக்கிறானே, மூச்சு முட்டாதா?"

"தகப்பன் முகத்தைப் பார். குழந்தைக்கு ரொம்ப முடியவில்லை."

இதைக் கேட்ட ஆரோக்கியத்துக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கியதைப் பார்த்து, தாய் அழுகிறாள் என்று அந்தப் பெண்கள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். நான் ஒன்றும் புரியாமல், இவளுக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்து, துணியை இன்னும் இறுக்கி மூடினேன். அதைப் பார்த்து ஒருத்தி, "ஐயோ, மூடாதே!" என்று கத்தியே விட்டாள். ஆரோக்கியம் கடைசியில் துணியை விலக்கி வெற்றிலையைக் காட்டினாள். பஸ்ஸே சிரித்தது. அந்தப் பெண் தன் செம்பிலிருந்த தண்ணீரை என்னிடம் நீட்டி, "குழந்தைக்குத் தெளி" என்றாள். நான் வெட்கப்படாமல் வாங்கித் தெளித்தேன்.

அந்தப் பக்கத்து ஊர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெயர்கள் எல்லாம் அள்ளியில் முடியும். பஸ் இரைச்சலில் கண்டக்டர் குரல் கொடுத்தபோது எங்கள் காதில் விழுந்தது "மனஅள்ளி" மட்டும்தான். இறங்கிவிட்டோம். கிணற்றடியில் நின்ற ஒரு அம்மாவிடம் ஆரோக்கியம் கோயிலுக்கு வழி கேட்டாள். அந்த அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கன்னடத்தில் அவள் சொன்னது இது:

"இது சாமனஅள்ளி. உங்களுக்கு வேண்டியது சோமனஅள்ளி. அங்கே போகிறவர்கள் இங்கே இறங்குவார்கள், இங்கே வருகிறவர்கள் அங்கே இறங்குவார்கள். போன வருஷம் என் பக்கத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் அங்கே இறங்கி, அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்து முடித்துக்கொண்டு போய்விட்டார்கள்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரையே மாற்றி இறங்கியவன் பேண்டை மட்டும் சரியாகக் கண்டுபிடிப்பானா என்று மனசு அடித்துக்கொண்டது.

அந்த அம்மா எங்களைச் சும்மா அனுப்பவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்க் களியும் அவரைக்காய்ச் சாறும் போட்டாள். எங்கள் ஊர்க் களி வட்டிலில் தளர்ந்து உட்காரும். அவர்கள் களி உருண்டை பிடித்த கல் மாதிரி நிற்கும். முத்தே என்கிறார்கள். அதைக் கிள்ளிச் சாற்றில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டுமாம். நான் தொண்டையில் நின்றுவிடுமோ என்று பயந்து திருட்டுத்தனமாக மென்றேன். அந்த அம்மா பார்த்துவிட்டாள். "உன் புருஷனுக்குப் பல் முளைத்துவிட்டதா?" என்று ஆரோக்கியத்திடம் கேட்டாள். ஆனால் அந்தச் சாற்றின் ருசியை நான் இன்னும் மறக்கவில்லை. அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிப் போட்டிருந்தார்கள். இரண்டு நாளாக அடைத்துக் கிடந்த என் வயிறு அங்கேதான் திறந்தது.

சாயங்காலம் புளி ஏற்றிப் போன ஒரு வண்டியில் சோமனஅள்ளி போய்ச் சேர்ந்தோம். வண்டிக்காரர் எங்களைப் புளி மூட்டைமேல் உட்காரச் சொன்னார். கவுளியிலும் எங்கள் துணியிலும் புளி வாசம் ஏறிவிட்டது.

நாங்கள் கிளம்பிய மூன்றாம் நாள் திருவிழா. மண்ணெண்ணெய் கிடைக்காத காலமாதலால் ராத்தேரைப் பகல் தேராக்கிவிட்டார்கள். காலைப் பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் முற்றம் கொள்ளாத கூட்டம். நான் ஒரு வேப்ப மரத்தடியில் இடம் பிடித்து, கவுளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் ஒரு பெட்டிக்குள் இருந்தவர்களை நேரில் பார்க்கப்போகிறோம் என்று நினைத்ததும் நிற்க முடியாமல் மரத்தைச் சுற்றி வந்தேன். ஆரோக்கியம், "உங்களுக்கா கண்ணாலம்? ஏன் இப்டி சுத்தறீங்க?" என்றாள்.

அவர்கள் வந்தார்கள். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் கயிறு, தலையில் தொப்பி. கோட்டு சாயம் போயிருந்தாலும் பொத்தான் எல்லாம் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார்கள். முன்னால் கிளாரினெட் வைத்திருந்தவர் ஒல்லியாக, நரை மீசையோடு, கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர் மாதிரி நிமிர்ந்து நின்றார். அவர்தான் மாஸ்டர் ராயப்பன் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். பாம்பு சுருண்டது மாதிரி ஒரு பெரிய பித்தளைக் குழலைத் தோளில் மாட்டியிருந்த ஆளின் கன்னம் ஊதுவதற்கு முன்பே உப்பியிருந்தது. வயிற்றில் பெரிய டிரம்மைக் கட்டியிருந்தவருக்கு அந்த டிரம்முக்கு மேலே தலை மட்டும்தான் தெரிந்தது.

மாஸ்டர் தலையை ஆட்டினார். டிரம்மில் அடி விழுந்தது.

என் வயிற்றில் விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பிளேட்டில் டிரம் என்பது பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி கேட்கும். இங்கே என் பல் அதிர்ந்தது. வேப்ப மரத்திலிருந்து ஒரு காக்கை எழும்பிப் பறந்தது. அப்புறம் கிளாரினெட் எழும்பியது. அதே நோட்டு! முதல் வளைவு, இரண்டாவது வளைவு, எனக்குத் தெரிந்த ஒவ்வொரு திருப்பமும் வந்தது. ஆனால் ஓடி வந்தது. என் யானையைக் காணோம். அதற்குப் பதில் ஒரு கன்றுக்குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு தெருவில் துள்ளி ஓடியது. கிளாரினெட்டும் ஆண் குரலை விட்டுப் பெண் குரலில் கொஞ்சியது. கூட்டத்தில் சிலர் கைதட்டி ஆடவே தொடங்கிவிட்டார்கள்.

நாட்டாமை சொன்னது சரியாகப் போயிற்று. இது வேறு செட். நோட்டைத் திருடிப் பழகி வைத்திருக்கிறார்கள், நடையைத் திருட முடியவில்லை.

"என்னாங்க, நல்லாத்தான வாசிக்கறாங்க?" என்றாள் ஆரோக்கியம். அவள் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"இவங்க அவங்க இல்ல புள்ள."

"எவங்க?"

"அவங்க!"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பவும் தாளம் போட ஆரம்பித்தாள்.

பிளேட்டில் அந்த நோட்டு ஓரிடத்தில் முடியும். முள் கிறீச்சென்று நடுவுக்குப் போகும். முனுசாமி எழுந்து வந்து தூக்கி வைப்பார். அந்த இடம் வந்ததும் பழக்கத்தில் நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். அவர்கள் நிறுத்தவில்லை. நோட்டு அங்கேயிருந்து ஒரு படி ஏறிப் புது வழியில் போயிற்று. நான் கேட்டே இராத ஒரு பாதி அதற்கு இருந்தது. அதில் பித்தளைக் குழல்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. நான் கவுளியை மறந்தேன். பொய் செட்டோ மெய் செட்டோ, நிற்காமல் வாசியுங்கள் அப்பா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன். தேர் தெரு முழுக்கச் சுற்றி வரும்வரை அவர்கள் பின்னாலேயே நடந்தேன்.

முடிந்ததும் பழைய பயம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. பேண்டுக்காரர்கள் கோயிலுக்குப் பின்னால் புளிய மரத்தடியில் கோட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு ஆட்டுக்கறிச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். நான் தூரத்திலேயே நின்றேன். ஆரோக்கியம்தான் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். அன்றைக்குத் தள்ளு வாங்கியது நான், பஸ் இல்லை.

"மாஸ்டருங்க, பிளேட்டுல வாசிச்சது நீங்கதானுங்களா?" என்றேன்.

"நாங்கதான் பிரதர். ஏன், சந்தேகமா?"

"அது வேற மாதிரி இருக்குமுங்க."

"எப்டி? கொஞ்சம் பாடிக் காட்டு."

எனக்கு வெட்கமாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாயாலேயே வாசித்துக் காட்டினேன். எங்கள் கிளப்பில் கேட்கிறபடியே, அதே நிதானத்தில். கண்ணைத் திறந்தால் எல்லாரும் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார்கள். டிரம்காரர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "யாரு பிரதர் செத்துட்டாங்க?" என்றார்.

"ஏனுங்க?"

"இது கல்லறைக்குப் போற நடையாச்சே! பொணத்துக்கு முன்னாலதான் நாங்க இந்த ஸ்பீடுல போவோம். அது கல்யாண நோட்டு!"

மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "என் கிளாரினெட்டு அதுல எப்டிக் கேக்குது?" என்றார்.

"கனமா இருக்குமுங்க. நல்ல எரும மாதிரி."

மரத்தடியே உருண்டு சிரித்தது. குழல்காரருக்குப் புரையேறியது. மாஸ்டர் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "ஒங்க ஊர்ப் பொட்டியில சைடுல ஒரு திருகு இருக்குமே, ஸ்பீடு கூட்டிக் கொறைக்க?"

இருந்தது. பெட்டியின் வில் தளர்ந்து, ஒரு தடவை சாவி கொடுத்தால் பிளேட்டின் ஒரு பக்கம் முழுசாக ஓடாமல் போனபோது, முனுசாமி அந்தத் திருகை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, யாரும் தொடக்கூடாது என்று அரக்கு ஊற்றி ஒட்டியதை நானே பார்த்திருக்கிறேன். சொன்னேன்.

"அவ்ளோதான் பிரதர். பிளேட்டு மெதுவாச் சுத்துனா நோட்டு மெதுவாவும், குரலு கட்டையாவும் ஆயிடும்."

எங்கள் ஊர் முழுக்கப் பல வருஷமாக ஒரு கல்யாண நோட்டைக் கல்லறை நடையில் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது! இவர்கள்தான் அவர்கள். எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. கவுளியைப் பிரித்து, பாக்கோடு வைத்து, இரண்டு கையாலும் நீட்டினேன்.

மாஸ்டர் கை நீட்டவில்லை.

"வாணாம் பிரதர். கோச்சுக்காத. ஒங்க ஊரு கேட்டுப் பழகுனது அந்தப் பொட்டிக்குள்ள இருக்கற செட்டு. அது நாங்க இல்ல. நாங்க வந்து வாசிச்சா ஒன்ன மாதிரியே ஒங்க ஊரும் நெனைக்கும். டூப்ளிகேட்டுன்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா இந்தக் கோட்டுக்கு மரியாதி இல்ல."

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்தான் அது. ஊர் என்ன சொல்லுமோ என்று பயப்படுகிறவனை இன்னொரு பயந்தவனுக்குத் தெரியாதா? அதுவரை எனக்குத்தான் எல்லாரும் தைரியம் சொல்லியிருக்கிறார்கள். நான் யாருக்கும் சொன்னதில்லை. எங்கிருந்து வந்ததோ, பேசிவிட்டேன்.

"மாஸ்டருங்க, பிளேட்டு முடியற எடத்துக்கு அப்புறம் அந்த நோட்டு எங்க போவுதுன்னு எங்க ஊர்ல ஒரு ஆளுக்கும் தெரியாதுங்க. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். அத அவங்க கேக்க வேணாங்களா? டூப்ளிகேட்டுன்னு ஒருத்தரு வாயத் தொறந்தா நீங்க ஒண்ணும் பேச வேணாம். நான் முன்னால நிப்பேன். இங்க வந்து காதால கேட்டவன் நானுங்க."

ஆரோக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சரி, எந்த நடையில வாசிக்கறது? மெதுவாவா, வேகமாவா?" என்றார்.

மெதுவாக வாசித்தால் மாதாவைப் பிணம் மாதிரி கொண்டுபோவதாகும் என்று இப்போது தெரிந்துவிட்டது. வேகமாக வாசித்தால் நாட்டாமை முகம் என்ன ஆகும்? நான் முழித்துக்கொண்டு நிற்க, ஆரோக்கியம் முன்னால் வந்தாள்.

"கோயில்ல இருந்து பொறப்படறப்ப எங்க ஊரு நடையில வாசிங்க. ஜனங்க அழுவட்டும், அவங்களுக்குப் பழக்கம். தெருக்கோடி போயி திரும்பறப்ப உங்க நடையில வாசிங்க. ரெண்டும் ஒரே நோட்டுன்னு அவங்களே கேட்டுக்கட்டும்."

மாஸ்டர் கையைக் கழுவிவிட்டு வந்து கிளாரினெட்டை எடுத்தார். டிரம்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். கோட்டு இல்லாமல், வேட்டியோடு, எங்கள் ஊர் நடையில் வாசித்தார்கள். பிளேட்டில் வருகிற அந்தக் கட்டைக் குரல் வரவில்லைதான். ஆனால் என் யானை வந்தது. கோயில் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நடுவில் ஓரிடத்தில் மாஸ்டர் மூச்சை நீட்டிப் பிடித்து ஒரு சுரத்திலேயே நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. முடித்ததும் டிரம்காரர், "எனுக்கு ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல தூக்கம் வருது மாஸ்டர்" என்றார். "தூங்காத. அங்க ஊரே முழிச்சிக்குனு கேக்கும்" என்றார் மாஸ்டர்.

பிறகு என்னிடம் வந்து இரண்டு கையாலும் தாம்பூலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு வெற்றிலையை எடுத்துப் பார்த்தார். ஓரம் கறுத்திருந்தது. முகர்ந்தார். "இன்னா பிரதர், வெத்தலயில புளி வாசன அடிக்குது?" என்றார். நான் கரிப் பஸ்ஸிலிருந்து ஆரம்பித்துக் கைக்குழந்தை, சாமனஅள்ளி, புளி வண்டி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே சுண்ணாம்பைத் தடவி மடித்து, எங்கள் எதிரிலேயே வாயில் போட்டு மென்றார். மென்ற பிறகு பேச்சு மாறக்கூடாது என்பது அந்தப் பக்கத்திலும் வழக்கம்தான். எங்களையும் உட்காரவைத்துக் கறிச்சோறு போட்டார்கள். நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றேன்.

மறுநாள் ஊர் திரும்பும் பஸ்ஸில் எங்களுக்கு முன் வரிசையிலேயே இடம் கிடைத்தது. மடி காலியாக இருந்தது. காற்று முகத்தில் அடித்தது. கரிப் புகை பின்னால் வந்தவர்களுக்குப் போயிற்று. நோட்டின் இரண்டாம் பாதியை மறந்துவிடாமல் இருக்க அதை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். பாலக்கோடு தாண்டியதும் என் முணுமுணுப்பு நின்றதை ஆரோக்கியம் கவனித்துவிட்டாள்.

"மறுபடியும் என்னாங்க யோசன? தாம்பூலந்தான் வெச்சாச்சில்ல?"

"தெருக்கோடியில திரும்பறப்ப அந்த வேகத்துக்குத் தேரு தூக்கறவங்க ஓட முடியுமான்னு பாக்கறேன் புள்ள. வயசானவங்கதான் தோளு குடுக்கறாங்க."

"ஓடட்டும்" என்றாள் ஆரோக்கியம். "ஊரெல்லாம் சுத்திட்டு வர்றா. மாதாவுக்கும் வூடு திரும்பறப்ப கொஞ்சம் அவசரம் இருக்குமில்ல."